அரிக்கமேட்டு ஜாடிகள்: யவனர் ஒயினும் தமிழர் தேறலும்

ஜெர்மனியில் ரைன், மோசல் ஆற்றங்கரைச் சரிவுகளில் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை விளைகிறது. அதில் செய்யும் ஒயினில் இனிப்பு அனேகமாக இல்லாமல், புளிப்பு தூக்கலாக இருக்கும் வகையை 'ட்ராக்கன்' என்பார்கள். ஜெர்மன் மொழியில் 'உலர்ந்தது' என்று பொருள். எந்த ஒயினுக்கு எந்தச் சாப்பாடு பொருந்தும் என்று பட்டியல் போடும் மேல்நாட்டுப் புத்தகங்கள், ரீஸ்லிங்குக்கு நேராக மீன், பன்றி இறைச்சி என்று அடுக்கிவிட்டு, கடைசியில் 'இந்திய உணவு' என்றும் சேர்ப்பதுண்டு. காரத்துக்குப் புளிப்பு ஒயின் இதமாக இருக்கும் என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

படித்தால் என்ன தோன்றும்? ஒயினும் நம்மூர்ச் சாப்பாடும் இப்போதுதான் முதல் முறையாக ஒரே மேஜைக்கு வருகின்றன என்று தோன்றும். ஆனால் இந்த அறிமுகம் நடந்து 2000 ஆண்டுகள் ஆகிவிட்டன. நடந்த இடமும் தொலைவில் இல்லை. பலாப்பழத்துக்கும் முந்திரிக்கும் பேர் போன காடாம்புலியூரில் இருந்து வடகிழக்கே நேர்கோடு போட்டால் 50 கிலோமீட்டருக்குள் அந்த இடம் வந்துவிடும். அதன் பெயர் அரிக்கமேடு.

அலமாரிக்குள் ஒரு ஜாடிக் கழுத்து

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள மேடுதான் அரிக்கமேடு. 18ஆம் நூற்றாண்டிலேயே லெ ழாந்தி என்ற பிரெஞ்சு வானியல் அறிஞர் அங்கே பழைய கட்டடச் சிதைவுகளைப் பார்த்து எழுதி வைத்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 1930களில் ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே கிடைத்த மணிகளையும் ஓடுகளையும் சேகரித்தார். அப்போதும் பெரிய பரபரப்பு இல்லை.

1944ல் மார்ட்டிமர் வீலர் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்தார். அந்த ஆண்டு சென்னை அருங்காட்சியகத்துக்குப் போன அவர், ஒரு அலமாரிக்குள் கையை விட்டுத் துழாவியபோது ஒரு ஜாடியின் உடைந்த கழுத்தும் கைப்பிடியும் கையில் சிக்கின. பார்த்த உடனே அவருக்குப் புரிந்துவிட்டது. அது மத்திய தரைக்கடல் நாடுகளில் ஒயின் ஏற்றி அனுப்பும் 'ஆம்போரா' ஜாடி! எங்கே கிடைத்தது என்று விசாரித்தால், அரிக்கமேடு என்று பதில் வந்தது. அடுத்த ஆண்டே, 1945ல், அங்கே தோண்டத் தொடங்கினார்.

தோண்டியதில் ஆம்போரா ஓடுகள் நிறைய வந்தன. இத்தாலியின் அரெஸ்ஸோ நகரில் செய்த பளபளக்கும் சிவப்புத் தட்டுகளின் துண்டுகளும் வந்தன. அவற்றின் அடியில் செய்தவரின் முத்திரை இருக்கும். எந்தப் பட்டறை எந்தக் காலத்தில் இயங்கியது என்று ஐரோப்பாவில் ஏற்கெனவே கணக்கிட்டு வைத்திருந்தார்கள். அதனால் அரிக்கமேட்டின் காலத்தையும் கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டியது என்று சொல்ல முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்குக் காலக் கணக்கில் கிடைத்த முதல் உறுதியான பிடிமானம் இதுதான்.

இங்கே ஜெர்மனி மறுபடியும் வருகிறது. அதே அரெஸ்ஸோ தட்டுகள் ரைனில் கலக்கும் லிப்பே ஆற்றங்கரையில், ஹால்டர்ன் என்ற ரோமானியப் படை முகாமிலும் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. அதே ஆற்றங்கரையில் ஓபராடன் என்று இன்னொரு முகாம். கி.மு. 11ல் அமைத்து, சில ஆண்டுகளிலேயே கைவிட்டுப் போன முகாம் அது. அங்கே கிணறு, கழிவுக் குழி மண்ணைச் சலித்தபோது கிடைத்த பொருள் நம்மவர்களுக்கு மிகவும் பழக்கமானது... மிளகு! மிளகு அன்று விளைந்தது மேற்குத் தொடர்ச்சி மலையில், சேர நாட்டுப் பக்கம். ஒரே வணிக வலை இங்கிருந்து மிளகை ஜெர்மன் காடு வரை கொண்டு போயிருக்கிறது. அங்கிருந்து ஒயினை வங்கக் கடல் வரை கொண்டு வந்திருக்கிறது. ரீஸ்லிங் என்ற பெயர் ஜெர்மன் ஆவணத்தில் முதலில் வருவது 1435ல்தான். அதற்கு 1400 ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது.

ஜாடிக்குள் என்ன இருந்தது?

ஆம்போரா என்பது இரண்டு கைப்பிடி, குறுகிய கழுத்து, கூரான அடி உள்ள உயரமான மண் ஜாடி. வழக்கமான ஒன்றில் ஏறக்குறைய 26 லிட்டர் பிடிக்கும். அடி ஏன் கூராக இருக்கிறது என்று கேட்கலாம். கப்பலின் அடித்தளத்தில் வரிசையாகச் சாய்த்து அடுக்க அதுதான் வசதி. இறக்கும்போது கீழே பிடித்துத் தூக்கவும் ஒரு பிடி கிடைக்கும். உள்ளே பிசின் பூசியிருப்பார்கள், ஒயின் கசியாமல் இருப்பதற்காக.

அரிக்கமேட்டு ஆம்போரா ஓடுகளை எலிசபெத் வில் என்ற அமெரிக்க அறிஞர் தனியாக ஆராய்ந்தார். அவர் கண்டதில் அதிகமாக இருந்தவை கோஸ் வகை ஜாடிகள். கோஸ் என்பது துருக்கிக் கரையோரம் உள்ள கிரேக்கத் தீவு. இரண்டு மண் உருளைகளை ஒட்டிச் செய்த இரட்டைக் கைப்பிடிதான் இந்த ஜாடியின் அடையாளம். ஒயின் பெயர் பெற்றதால் ஜாடியின் வடிவத்தையே இத்தாலிக்காரர்களும் மற்றவர்களும் காப்பி அடித்தார்கள். 2000 ஆண்டுகளுக்கு முன்பே 'டூப்ளிகேட்' பாட்டில்!

இந்தக் கோஸ் ஒயினின் ருசி விசித்திரமானது. அதில் கடல் நீர் கலப்பார்கள். ரோமானிய எழுத்தாளர் பிளினி இதற்கு ஒரு கதை சொல்கிறார். ஒரு அடிமை எஜமானரின் ஒயினைத் திருடிக் குடித்துவிட்டு, அளவு குறையாமல் இருக்கக் கடல் நீரை ஊற்றி வைத்தானாம். அதுவே பிடித்துப் போய் வழக்கமாகிவிட்டதாம். வெள்ளைத் திராட்சைச் சாற்றில் இப்படிச் செய்ததற்கு 'வெள்ளைக் கோஸ்' என்ற பொருளில் ஒரு பெயரும் இருந்தது என்கிறார். கதை உண்மையோ பொய்யோ, செய்முறை உண்மை. பிளினிக்கு 200 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கேட்டோ, தன் வேளாண்மை நூலில் கோஸ் ஒயின் செய்யும் விதத்தையே எழுதி வைத்திருக்கிறார். திராட்சை அறுவடைக்கு 70 நாட்களுக்கு முன், காற்றில்லாத நாளில், கரையை விட்டுத் தள்ளி ஆழ்கடலில் நீர் எடுக்க வேண்டும் என்பது அவர் சொல்லும் முதல் விதி.

உப்பு, ஒயின் கெடுவதைத் தள்ளிப்போடும். எகிப்தின் செங்கடல் துறைகளில் இருந்து ஜூலை மாதம் கிளம்பி, தென்மேற்குப் பருவக்காற்றோடு அரபிக் கடலைத் தாண்டி, அப்புறம் வங்கக் கடல் பக்கம் வரை போக வேண்டிய சரக்கு அது. சாதாரண ஒயின் அந்த வெயிலில் காடியாகிவிடும் ஆபத்து அதிகம். உப்பு ஒயின் தாக்குப்பிடிக்கும். ஆக, தமிழகக் கரையில் இறங்கிய யவன ஒயினில் பெரும்பகுதி இனிப்பு மதுவாக இருந்திருக்காது. உப்பும் புளிப்புமான ஒன்றாக இருந்திருக்கும் என்று நினைக்க நல்ல காரணம் இருக்கிறது.

யார் குடித்தார்கள்?

இதற்கு இரண்டு பக்கத்துச் சாட்சிகளும் இருக்கின்றன.

ஒன்று, 'எரித்ரேயக் கடல் பெரிப்ளஸ்' என்ற கிரேக்க நூல். கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு வணிகர் எழுதிய வழிகாட்டி. எந்தத் துறைமுகத்தில் என்ன விற்கலாம், என்ன வாங்கலாம் என்று கடைக்காரர் பட்டியல் போல இருக்கும். முசிறிக்குக் கொண்டு போக வேண்டியவற்றில் ஒயினைச் சொல்லிவிட்டு, 'அதிகம் வேண்டாம்' என்கிறது. கோதுமையைப் பற்றிச் சொல்வது இன்னும் சுவாரசியம். கப்பல்காரர்களுக்குப் போதுமான அளவு கொண்டு போனால் போதும், ஏனென்றால் அங்குள்ள வணிகர்கள் அதைச் சாப்பிடுவதில்லை என்கிறது. வந்தவர்கள் தங்கள் ரொட்டிக்கு மாவைக் கையோடு கொண்டு வந்திருக்கிறார்கள். அரிக்கமேட்டிலும் ஒயின் ஜாடிகளோடு ஆலிவ் எண்ணெய் ஜாடிகளும், 'கரும்' என்ற மீன் சாற்று ஜாடிகளும் கிடைத்தன. ஆலிவ் எண்ணெயும் கருமும் ஊற்றிச் சமைத்தது தமிழர்களாக இருக்க வாய்ப்பு குறைவு. அவை வீட்டு நினைப்போடு கரையில் காத்திருந்த வெளிநாட்டுக்காரர்களின் சாப்பாடு.

இரண்டாவது சாட்சி புறநானூறு. 56ஆம் பாட்டில் நக்கீரர், இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்ற பாண்டிய மன்னனை வாழ்த்துகிறார். யவனர்கள் நல்ல கலத்தில் கொண்டு வந்த, குளிர்ந்து மணக்கும் தேறலை, வளையணிந்த பெண்கள் பொற்கிண்ணத்தில் ஊற்றித் தர நாள்தோறும் குடித்து மகிழ்வாயாக என்கிறார். பாட்டில் இருப்பது அரசன், பொன், வாழ்த்து.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் படம் தெளிவாகிறது. யவன ஒயின் அரண்மனைச் சரக்கு. கொஞ்சம் அரசனுக்கு, கொஞ்சம் துறைமுகத்தில் தங்கிய வெளிநாட்டு வணிகருக்கு, கொஞ்சம் அவர்களோடு பழகிய உள்ளூர்ப் பணக்காரருக்கு. ஊர் மக்கள் குடித்தது வேறு.

ஊர் குடித்ததும் தொட்டுக்கொண்டதும்

தேறல் என்ற சொல்லே தெளிந்தது என்ற பொருளில் இருந்து வந்தது. தேறல், நறவு, கள், தோப்பி, பிழி, அரியல், மட்டு என்று சங்க இலக்கியத்தில் குடிவகைகளுக்கு இத்தனை பெயர்கள். வெளியில் இருந்து ஒயின் வந்துதான் தமிழன் ருசி கற்றுக்கொண்டான் என்று சொல்ல முடியாது. ஒயின் வந்து சேர்ந்தது ஏற்கெனவே ருசி முற்றிய ஒரு நாட்டுக்கு!

பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பில் அரிசியில் மது செய்யும் முறை படிப்படியாக வருகிறது. குற்றாத அரிசியைக் கூழாகத் துழாவி ஆற வைக்கிறார்கள். புற்றின் உள்ளே இருக்கும் குரும்பி போலத் தோன்றும் முளை அடையை அதில் கலக்கிறார்கள். இரண்டு பகல், இரண்டு இரவு விட்டு, வாய் உறுதியான சாடியில் முற்ற வைத்து, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். இன்றைய பீர் தொழிற்சாலையில் முளைகட்டிய பார்லி செய்யும் வேலையை இங்கே முளை அடை செய்கிறது. மாவுச்சத்து சர்க்கரையாகி, சர்க்கரை மதுவாகிறது. இந்த மதுவோடு பாணருக்குக் கிடைக்கும் என்று புலவர் சொல்வது சுட்ட மீன்.

கடலூர் மாவட்டத்துக்கு நேர் வடக்கே திண்டிவனம், மரக்காணம் பகுதி அன்று ஓய்மா நாடு. அதன் தலைவன் நல்லியக்கோடனைப் பாடியது சிறுபாணாற்றுப்படை. அதில் ஒரு பாணன், இன்னொரு பாணனுக்கு வழியில் எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே போகிறான். நெய்தல் நிலத்து எயிற்பட்டினத்தில், இன்றைய மரக்காணம் என்று அறிஞர்கள் பலர் கருதும் ஊரில், பரதவப் பெண் வடித்த பழைய தேறலோடு உலர்ந்த குழல்மீனைச் சுட்டுத் தருவார்கள். முல்லை நிலத்து வேலூரில் புளி சேர்த்த சூடான சோறும் காட்டுப் பசுவின் சூட்டிறைச்சியும். மருத நிலத்து ஆமூரில் வெண்சோறும் நண்டுக் கலவையும். நிலம் மாற மாறச் சாப்பாடு மாறுகிறது. தேறல் வருவது கடற்கரையில், கருவாட்டோடு!

பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக் கள் விற்கும் வீடுகளின் மேல் கொடி பறக்கிறது. முற்றத்தில் மீனும் இறைச்சியும் பொரியும் சத்தம் கேட்கிறது. இன்றைய 'பார்' வாசலில் என்ன நடக்கிறதோ அதேதான். புறநானூற்றின் 177ஆம் பாட்டில் ஆவூர் மூலங்கிழார் காட்டும் காட்சி இன்னும் நுட்பமானது. கள் குடித்துக் கண் சிவந்தவர்கள் புளிப்புக்கு ஆசைப்பட்டுக் களாப்பழமும் துடரிப்பழமும் தேடிப் போகிறார்கள். ஊறுகாய்ப் பாக்கெட்டின் முன்னோடி அந்தக் களாப்பழம்தான்.

இவற்றில் ஒரு ஒழுங்கு தெரிகிறது. புளித்த மதுவுக்கு உப்பு ஏறிய, நெருப்பில் சுட்ட மீன். நாக்கு சலித்தால் புளிப்புப் பழம். ஐரோப்பியப் புத்தகம் உலர் வெள்ளை ஒயினுக்கு நேராக மீனை எழுதுவதும் இதே நாக்கின் கணக்குத்தான். எண்ணெயையும் மீன் வாடையையும் புளிப்பு வெட்டும்.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அந்தச் சாப்பாட்டில் மிளகாய் கிடையாது. மிளகாயும் முந்திரியும் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து போர்த்துக்கீசியர் மூலம் 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தவை. சங்க காலச் சமையலின் காரம் மிளகுதான். ஆகவே 'காரமான இந்திய உணவுக்கு இந்த ஒயின்' என்ற அறிவுரை, 500 வயது கூட நிரம்பாத ஒரு சமையலுக்கு எழுதியது. ரோமானியர்களோ தமிழகத்து மிளகை ஒயினுக்குள்ளேயே போட்டார்கள். தேனும் மிளகும் சேர்த்த ஒயினுக்கு அப்பீசியஸ் பெயரால் வழங்கும் சமையல் நூலில் செய்முறையே இருக்கிறது.

வரலாறு திருத்திக்கொண்டது

வீலர் அரிக்கமேட்டை 'இந்திய - ரோமானிய வணிக நிலையம்' என்று அழைத்தார். யவனர்கள் வந்தார்கள், கட்டடம் கட்டினார்கள், ஒரு மீனவக் கிராமம் நகரம் ஆனது என்ற தோற்றம் அதனால் உருவானது. பாடப் புத்தகங்களிலும் இதுவே ஏறியது.

1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில், சென்னைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து மறுபடி தோண்டினார்கள். ரோமானியத் தொடர்புக்கு முன்பே, கி.மு. காலத்திலேயே அங்கே ஊர் இருந்தது தெரிந்தது. ரோமானிய வணிகம் மங்கிய பிறகும் ஊர் தொடர்ந்து இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தது என்று வீலர் நினைத்த, உட்பக்கம் புள்ளி வட்டங்கள் ஓடும் 'ரௌலட்டட்' தட்டுகள் இந்திய மண்ணிலேயே செய்தவை என்று பின்னர் மண் ஆய்வுகள் காட்டின. கண்ணாடி மணி செய்யும் தொழிலும் அங்கேயே நடந்திருக்கிறது.

ஆம்போராக்களும் தப்பவில்லை. இந்தியாவில் பல இடங்களில் ரோமானிய ஆம்போரா என்று பதிவு செய்து வைத்திருந்த ஓடுகளை ராபர்ட்டா டோம்பர் திரும்ப எடுத்துப் பார்த்தார். அவற்றில் கணிசமானவை மெசபடோமியாவில் இருந்து வந்த, உள்ளே தார் பூசிய 'டார்பிடோ' ஜாடிகள் என்று தெரிந்தது. அதாவது ஜாடி கிடைத்தாலே ரோமாபுரி என்று துள்ளக் கூடாது. பாரசீக வளைகுடாக்காரர்களும் இதே கடலில் வந்து போனார்கள்.

இதனால் தமிழகத்தின் பெருமை குறைகிறதா? கூடத்தான் செய்கிறது. யாரோ வந்து உருவாக்கிக் கொடுத்த சந்தை என்பதை விட, ஏற்கெனவே இருந்த ஊரைத் தேடிக் கிரேக்கரும் இத்தாலியரும் மெசபடோமியரும் சரக்கோடு வந்தார்கள் என்பதே பெரிய விஷயம்.

கடலூர்ப் பக்கம்

அரிக்கமேடு ஒன்று மட்டும் தனித்து நிற்கவில்லை. கடலூருக்குத் தெற்கே, சிப்காட் தொழிற்பேட்டை இருக்கும் குடிகாடு பகுதியை ஒட்டிய காரைக்காட்டில் சென்னைப் பல்கலைக்கழகம் தோண்டியபோது ஆம்போரா ஓடுகளும் ரௌலட்டட் ஓடுகளும் மணிகளும் கிடைத்தன. 2024ல் தமிழ்நாடு தொல்லியல் துறை, காடாம்புலியூர் இருக்கும் அதே பண்ருட்டி வட்டாரத்தில் மருங்கூரில் அகழாய்வு நடத்தியது. கடற்கரையோடு கதை நிற்கவில்லை, உள்நாட்டிலும் மண்ணுக்கடியில் பக்கங்கள் இருக்கின்றன என்பதற்கு இது அடையாளம்.

ஆனால் இந்தப் பக்கங்களைக் கறையானும் மழையும் மட்டும் தின்னவில்லை. வீட்டுமனை, செம்மண், செங்கல் சூளை, தொழிற்சாலை எல்லாமே மேடுகளைத் தின்கின்றன. முந்திரித் தோப்பில் குழி எடுக்கும்போது வரும் கறுப்பு சிவப்பு ஓட்டைப் 'பழைய பானை' என்று தூக்கி எறிவது சாதாரணம். அரிக்கமேட்டு ஜாடிக் கழுத்தும் யாரோ பொறுக்கி எடுத்துப் பத்திரப்படுத்தியதால்தான் சென்னை அலமாரிக்குப் போனது. வீலரின் கை அதில் பட்டது அதிர்ஷ்டம் என்றால், அதற்கு முன்பே யாரோ அதை எறியாமல் விட்டது அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம்.

இன்னொரு இழப்பும் உண்டு. ஐரோப்பாவில் மோசல் கரையின் திராட்சைத் தோட்டங்களை 4ஆம் நூற்றாண்டில் ஔசோனியஸ் என்ற புலவர் பாடினார். இன்றும் அதே சரிவுகளில் திராட்சை விளைகிறது. குடிப்பவர்களுக்கு அந்தத் தொடர்ச்சி தெரிகிறது, அதைச் சொல்லியே விற்கிறார்கள். பெரும்பாணாற்றுப்படையின் முளை அடை மதுவோ பாட்டில் மட்டுமே இருக்கிறது. அந்த முறையைக் கையால் அறிந்த பெண்கள் யாரும் இந்தக் கரையில் மிஞ்சவில்லை. மிஞ்சியது சுட்ட கருவாடும், களாக்காய் ஊறுகாயும், உப்பும் புளியும் தேடும் நாக்கும்தான். கோஸ் தீவு ஒயின் வந்த காலத்தில் இருந்து அந்த நாக்கு பெரிதாக மாறிவிடவில்லை.